நலங்குக்கு வந்த தேங்காய் எண்ணெய்

பூங்காவனம் அத்தைக்குத் தெரிந்த உலக ஞானம் மொத்தமும் ஒரு தூக்குவாளிக்குள் அடங்கிவிடும். தா.பழூரில் அவளுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்புத் தேங்காயை உலர்த்தி ஆட்டிய எண்ணெய்தான் தூக்குவாளியில் இருக்கும். தலைவலியா, அதைத் தடவு. குழந்தை அழுகிறதா, அதைத் தடவு. மாடு தீனி எடுக்கவில்லையா, அதற்கும் அதைத்தான் தடவச் சொல்வாள். குன்னத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வாளியோடுதான் வந்து இறங்குவாள். அப்பா முருகையனுக்கு அவள் கூடப் பிறந்த அக்கா.

சொந்த அத்தையை அவள் இவள் என்கிறேனே என்று யாரும் மனசு வருத்தப்பட வேண்டாம். நேரில் வாங்க போங்க என்றுதான் பேசினேன். மரியாதை எல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது.

எனக்கு அப்போது முகமெல்லாம் பரு. சாதாரணப் பரு இல்லை, கன்னத்தில் கை வைத்தால் விண்ணென்று தெறிக்கும். பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குன்னத்திலிருந்து பெரம்பலூர் போய் இறங்குவதற்குள் பஸ்ஸில் ஏறுகிறவள் எல்லாம் எனக்கு வைத்தியம் சொல்லிவிடுவாள். "உடம்பு சூடு கண்ணு, எண்ணெ வச்சிக் குளி" என்பாள் ஒருத்தி. "ராவுல வெளக்கெண்ணெயப் பூசிக்கிட்டுப் படு" என்பாள் இன்னொருத்தி. அத்தையோ, போன் போட்டே தோப்பு எண்ணெயைத் தேய்க்கச் சொல்லுவாள். நானும் மடச்சி மாதிரி தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க முகம் இன்னும் மோசமானது. "உள்ள இருக்கற சூடு வெளிய வருதுடி, நல்லதுதான்" என்றாள் அத்தை. அடேங்கப்பா, என்ன ஒரு விளக்கம்! குறைந்தால் எண்ணெய் வேலை செய்கிறது, கூடினாலும் எண்ணெய் வேலை செய்கிறது.

கடைசியில் பெரம்பலூருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூஞ்சிக்கு என்ன எண்ணெ போடுறீங்க?" என்பதுதான். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தேங்கா எண்ணெ தலைக்கு நல்லதும்மா. ஒங்க மூஞ்சிக்கு ஆவாது. தோலுல பொடிப்பொடியா ஓட்ட இருக்குல்ல, அத அடைச்சிரும். அடைச்சா உள்ளயே தங்கிப் பருவாத்தான் வரும். வெளக்கெண்ணெ எல்லாம் உங்களுக்கு வேணாம். நான் எழுதித் தர்ற மருந்து தோலைக் கொஞ்சம் வறட்டும். எரிஞ்சா, ஈரத் தோலுல ரெண்டே சொட்டு சூரியகாந்தி எண்ணெ ஒத்திக்குங்க. வாசனை கலந்தது வேணாம். மொதல்ல காதுக்குக் கீழ தாடையோரம் மட்டும் தடவி ஒரு வாரம் பாருங்க. ஒண்ணும் பண்ணலன்னா முகம் பூரா போடலாம்."

சூரியகாந்தியா! அது எங்கள் அடுப்படியிலேயே கிடக்கிற எண்ணெய். டாக்டரம்மா சொன்னபடியே தாடையோரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போட்டேன். மருந்தும் போட்டேன். நாலைந்து மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே வெட்கம் வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷம் வைகாசியில் எனக்கும் அத்தை மகன் முத்தமிழ்செல்வனுக்கும் பரிசம் போட்டார்கள். தை மாதம் கல்யாணம். பிடித்துத்தான் சரி என்றேன், பொய் சொல்ல மாட்டேன். அரியலூரில் மோட்டார் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத ஆள். அதிர்ந்து பேசாதவர் எல்லாம் நல்லவர் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த வயதில் புத்தி அவ்வளவுதான் ஓடும்.

அவருக்கும் பரு இருந்தது. என்னுடையதையாவது பரு என்று சொல்லலாம், அவர் தாடையில் இருந்ததைப் பார்க்கவே பாவமாக இருக்கும். பிறந்ததிலிருந்து அம்மா எண்ணெயில் ஊறிய முகம் அது. ஒரு சனிக்கிழமை சென்டர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சுகன்யா, ஒனக்கு மட்டும் எப்புடி இப்புடிப் போச்சி?"

பக்கத்து பேக்கரியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டும் போனேன். மருந்து வாங்கிய கையோடு அவர் கேட்டது, "அம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றுதான். "தெரிஞ்சா என்னா மாமா, கொன்னாப் போட்டுருவாங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்ன பாட்டிலில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கடை டிராயரில் வைத்துக்கொண்டார். ஐப்பசிக்குள் அவர் முகமும் தெளிந்துவிட்டது. அந்த முகத்தை நான்தான் மீட்டேன் என்று எனக்கு ஒரே கர்வம். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வருவேன்.

கார்த்திகையில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாய் தவறி உளறிவிட்டாள், நான் முகத்துக்குச் சூரியகாந்தி எண்ணெய் போடுவதை. அத்தை ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"வடை சுடுற எண்ணெயடி அது! மூஞ்சிய என்னா வடச்சட்டின்னு நெனச்சியா? மார்கழிக் குளுருக்கு எங்க எண்ணெயப் பாரு, கல்லு மாரி ஒறஞ்சி நிக்கும். ஒறையற எண்ணெதான்டி அசலு. ஒன் எண்ணெ ஒறையுதா?"

உறைகிற எண்ணெய் அசல்தான். யார் இல்லை என்றார்கள்? அசல் என்பதற்காகக் கண்டதையும் முகத்தில் பூசிக்கொள்ள முடியுமா? எருமைச் சாணிகூட அசல்தான். எண்ணெய் நல்லதா என்று பார்க்க எங்கள் ஜனத்துக்குத் தெரிந்த ஒரே சோதனை இந்த உறைகிற சோதனைதான். எந்தத் தோலுக்கு எது சேரும் என்று ஒருத்தி யோசிக்க மாட்டாள். இதை எல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, "சரிங்கத்த" என்றேன்.

அத்தை விடவில்லை. "நலங்கு அன்னிக்கி எங்க எண்ணெதான். கன்னத்துல வழியத் தேய்ப்பேன். அதான் எங்க வூட்டு வழக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் பக்கம் அருகம்புல்லை நல்லெண்ணெயில் தொட்டுத் தலை, தோள், முழங்கால் என்று வைப்பார்கள். முகத்தில் தேய்க்கிற வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஊரில் எவன் வரப்பை வெட்டினாலும் மண்வெட்டியோடு போய் நிற்கிற மனுஷன், அக்கா என்றால் மட்டும் இதைத்தான் சொல்வார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மூன்று நாள் நலங்கு, மூன்று நாளும் அந்த எண்ணெய். மணவறையில் பழைய முகத்தோடு உட்கார நான் தயாராக இல்லை. முத்தமிழ்செல்வனிடம் சொன்னேன்.

"நீ ஏன் பயப்படுற? எனக்கே அந்த எண்ணெயாலதான் பருன்னு அம்மாகிட்ட நான் சொல்றேன். நலங்குக்கு முன்னாடி சொல்லிடுறேன்" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

நம்பினேன்.

நலங்கு அன்றைக்கு விடிகாலையிலேயே தா.பழூர் வேன் வந்துவிட்டது. மாப்பிள்ளை வரக் கூடாது என்பார்கள். டிரைவருக்குக் காய்ச்சல் என்று இவரே ஓட்டிக்கொண்டு வந்து, பந்தலுக்கு வெளியே வேனில் சாய்ந்து நின்றார். தைக் குளிரில் அத்தையின் தூக்குவாளியில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. மூடியைத் திறந்து எல்லாப் பெண்களுக்கும் காட்டினாள். கல்யாண நகையைக்கூட அப்படி யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அப்புறம் வெந்நீரில் வைத்து உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மணையில் உட்கார்ந்திருந்த என் எதிரில் வந்து குந்தினாள்.

"அத்த, தலைக்கு வைங்க, கைக்கு வைங்க. மூஞ்சிக்கு மட்டும் வேணாங்க. எனக்குச் சேராது" என்றேன்.

"எல்லாருக்கும் சேர்றது ஒனக்கு மட்டும் சேராதா? பெரிய இவ!" என்று, மறித்த என் கையைத் தட்டிவிட்டு, பந்தலுக்கு வெளியே பார்த்துக் கத்தினாள். "ஏலே தம்பி, இங்க வாடா!"

வந்தார். அவர் தாடையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் திருப்பினாள் அத்தை.

"எம்புள்ள மூஞ்சியப் பாருங்க. போன வருசம் எப்புடி இருந்திச்சி? இப்ப பாருங்க, பளபளன்னு. எல்லாம் எங்க தோப்பு எண்ணெ! இந்த எண்ணெ சேராதுங்கறா இவ. நீயே சொல்லுடா தம்பி."

சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நாலு வார்த்தை போதும். இது அந்த எண்ணெய் இல்லைம்மா. எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையில் இருந்த வேன் சாவியைப் பார்த்தார்.

"ஆமா. அம்மா எண்ணெதான் போட்டேன்" என்றார். அதோடாவது நிறுத்தினாரா? "நீயும் போட்டுக்க சுகன்யா. ஒண்ணும் ஆவாது."

த்தூ! பயந்து பொய் சொன்னதைக்கூட மன்னித்திருப்பேன். என் முகத்தை அடகு வைத்து அம்மாவிடம் நல்ல பிள்ளை பேர் வாங்கினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அத்தை எண்ணெயில் தோய்த்த கையை என் கன்னத்துக்குக் கொண்டுவந்தாள். நான் மணையை விட்டு எழுந்துவிட்டேன்.

"மணையில ஒக்காந்த பொண்ணு எந்திரிக்கக் கூடாதுடி!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"மாமா, ஒங்க கடை டிராயர்ல ஒரு பாட்டிலு இருக்குல்ல, அதுல என்னா இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

"எந்த பாட்டிலு?" என்றார் அவர்.

இவ்வளவுதான் இந்த ஆள். இந்த முகத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இதற்காகவா இத்தனை நாள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தேன்? எனக்கு அழுகை வரவில்லை, அசிங்கமாக இருந்தது. அப்பா பந்தக்கால் ஓரம் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"பைத்தியமாடி ஒனக்கு?" அம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போயும் போயும் ஒரு எண்ணெய்க்கா?"

"எண்ணெய்க்குத்தாம்மா. எண்ணெய்க்கே வாயத் தொறக்காத ஆளு, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எதுக்குத் தொறப்பாரு?"

"பாத்தியாடா முருகையா, ஒம் பொண்ணு பேசுற பேச்ச!" என்று அத்தை கிண்ணத்தோடு எழுந்து வந்தாள். "புடிச்சி மணையில ஒக்கார வையிடா. நான் தேய்க்கறேன், எவ தடுக்கறான்னு பாக்கறேன்."

அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்பார். மாட்டேன் என்று கத்துவதற்குத் தயாராக நின்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு முத்தமிழ்செல்வனைப் பார்த்தார். அவர் குனிந்துகொண்டார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, பந்தி போட்டாச்சி" என்றார். "எல்லாருமா சாப்புட்டுட்டுக் கெளம்புங்க."

"எங்கடா கெளம்பச் சொல்ற?"

"ஒங்க வூட்டுக்குத்தான்."

அவர்கள் சாப்பிடவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு முத்தமிழ்செல்வன் மறுபடி இறங்கி வந்தார். இப்போதாவது உண்மையைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மணை ஓரத்தில் இருந்த தூக்குவாளியை எடுத்து, மூடியை அழுத்தி மூடி, வேனில் இருந்த தன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.