மாறிய ஓர் எழுத்தும் கெம்பம்மாவும்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1996இல் ஓசூர் கம்பெனி ஒன்றில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த திம்மராயனின் மனைவி கெம்பம்மா. அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னையும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எடுத்ததுதான் இது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஒரு வைரஸ் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் எழுத்து மட்டும்

வேண்டாம். வைரஸுக்கு என்ன, அது எழுதிக்கொண்டே போகும். எனக்குத்தான் கை ஓடவில்லை.

2

மறுபடி தொடங்குகிறேன். தளிப் பக்கம் அவர்கள் ஊரில், தூரமான பெண்கள் அந்த நாட்களில் வீட்டுக்குள் வருவதில்லை. கொல்லையில் தட்டி கட்டிய சிறு குடிசை இருக்கிறது. சோறும் தண்ணீரும் அங்கே வந்துவிடும்.

கெம்பம்மாவுக்கு எல்லாம் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. மறுபடி உதிரம் பட்டதும் அவள் டாக்டரிடம் போகவில்லை. முறைப்படி பாயைச் சுருட்டிக்கொண்டு குடிசைக்குப் போனாள். கெம்பம்மா திரும்பவும் குமரியாகிவிட்டாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாளாம். நின்றால் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவாள். பட்டால் பாயோடு வெளியே போவாள். ஒரு வருடம் இப்படியே போனது.

(அந்தச் சிரிப்பை எழுதும்போது எரிச்சலாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று தேடினேன். ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சாராள்* ஒரு வில்லனைக் காட்டினார். கெம்பம்மாவிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கில் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருந்தது. அதன் மரபெழுத்தில் ஓரிடம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால்தான் வியாதி இப்படி முற்றியதா என்று ஆவலோடு கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"தெரியலைங்க. நிறையப் பேருக்கு இந்த வைரஸ் வந்துட்டுத் தானாவே போயிடுது. இவங்க போன வருஷமே வந்திருந்தா, இந்த எழுத்தைப் பத்தி நாம பேசிட்டிருக்க மாட்டோம்."

* முந்தைய படியில் சாராள் ஒரு கிழட்டு டாக்டர். படியெடுக்க எடுக்க ஏதாவது மாறத்தான் செய்கிறது. கெம்பம்மாவின் வியாதி மட்டும் எந்தப் படியிலும் குறையவில்லை.

4

முதல் முடிவு: கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. கெம்பம்மா தேறி, அடுத்த

பொய். காலம் கடந்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். அதைத் தமிழில் திம்மராயனுக்குச் சொன்னவன் நான்தான். அப்போது கெம்பம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது முடிவு: பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நேரே கொல்லைக் குடிசைக்குப் போனாள். இது தீட்டு இல்லை, வியாதி என்று சொல்லிப் பார்த்தேன். உதிரம் உதிரம்தானே என்றாள். தளியில் மார்கழிக் குளிர். திம்மராயன் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வா மே. யாரு கேக்கப் போறாங்க."

"இருய்யா. நின்னதும் வர்றேன்."

5

அது இனி நிற்காது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. திம்மராயனுக்கு வாய் வரவில்லை. எனக்கோ, எத்தனை படி எழுதியும் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது. அவள் குடிசையில் பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். சொன்னால்தான் உள்ளே வருவாள்.