தொப்பியைக் கழற்றும் காட்சி

நடிப்பை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர். ஒரு காலத்தில் டிவி தொடரில் வாராவாரம் கொலைகாரனைப் பிடித்த மனிதர். வீட்டில் காணாமல் போகும் மூக்குக்கண்ணாடியை மட்டும் மனைவிதான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

அடிபட்ட மனைவிகளுக்கென்று அந்தத் தொடரில் ஒரே அச்சில் வார்த்த காட்சி ஒன்று உண்டு. கண் வீங்கிய பெண் ஸ்டேஷனுக்கு வருவாள். இவர் லத்தியை மேஜையில் உருட்டிக்கொண்டே, "குடும்பம்னா நாலும் இருக்கும்மா. வீட்டுக்குப் போ, எல்லாம் சரியாயிடும்" என்பார். விளம்பரம் முடிந்து பார்த்தால் அவள் பிணம். இவர் தொப்பியைக் கழற்றிப் பெருமூச்சு விடுவார். புருஷன் என்ன ஆனான் என்கிறீர்களா? கடைசியில் கைவிலங்கோடு குலுங்கிக் குலுங்கி அழுது, செத்தவளைவிட அதிக வசனம் பேசிவிட்டுப் போவான். இந்தக் கண்றாவியை ஊரே உச்சுக்கொட்டிப் பார்த்தது. அந்தப் பெருமூச்சுக்குக் கிடைத்த விருது இன்னும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

ஒரு நாள் சாயங்காலம் மாடி வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். உதடு கிழிந்திருந்தது, கையில் ஒரு துணிப்பை. புருஷன் அடித்துவிட்டான், இனி அங்கே போனால் உயிர் மிஞ்சாது, ஸ்டேஷனுக்குத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். நடிகர் தொண்டையைக் கனைத்தார். பாழாய்ப்போன வாய்க்கு வேறென்ன தெரியும்? "குடும்பம்னா நாலும்..." என்று ஆரம்பித்தேவிட்டது.

"தெரியும் சார். விளம்பரம் முடிஞ்சதும் நீங்க தொப்பியைக் கழட்டுவீங்க" என்றாள் அவள்.

மனைவி உள்ளேயிருந்து வந்து அவர் சட்டையை அவர் மேலேயே விட்டெறிந்தாள். மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷனில் இருந்த அதிகாரி இவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சின்ன வயசிலிருந்தே ரசிகராம், இவரைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் பெண்ணின் பக்கம் திரும்பி, பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டே, "குடும்பம்னா நாலும் இருக்கும்மா" என்றார். அதே குரல், அதே இழுவை. சொல்லிவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து நடிகரைப் பார்த்தார்.

நடிகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்கார வைத்தார்.

"தம்பி, அதைச் சொல்லி நான் அனுப்பின ஒருத்திகூட அடுத்த சீனுக்கு உயிரோட வரலை. புகாரை எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அதிகாரியின் முகத்தில் அசடு வழிந்தது. தாளை எடுத்தார். ஒரே புழுக்கம். நெற்றியைத் துடைத்துக்கொள்ள அதிகாரி தன் தொப்பியில் கை வைத்தார்.

"வேண்டாம் சார். அதைக் கழட்டாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

அவர் கையை இறக்கிக்கொண்டு, அவள் பெயரைக் கேட்டார்.