பதினோரு மாதம் மூத்த தாய்

"மன்னிக்கணும் மேடம். பதிவேட்டுல நீங்க ரெண்டு பேரும் தாயும் மகளும்னு இருக்கு," என்றான் நகரசபைக் கவுண்டரில் இருந்த குரோய்வா. நெற்றி மேசையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துதான் சொன்னான். திட்டியிருந்தால் மிட்சுயோவும் திருப்பித் திட்டியிருப்பாள். குனிகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

மிட்சுயோவுக்கு எழுபத்தொரு வயது. அவளுடைய 'தாய்' ஹிசனோ அவளைவிடப் பதினோரு மாதம் மூத்தவள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஹிசனோவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று மிட்சுயோவை ஐந்து நாள் வராந்தாவிலேயே நிற்க வைத்தார்கள். இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஒரு நாள் மூத்தவளாக இருந்தாலும் இளையவளைத் தத்தெடுத்துக்கொள்ள இடமிருந்தது. எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் வங்கியில், மருந்துக்கடையில், பக்கத்து வீட்டில், எங்கேயும் அவள் மகள். இன்றுதான் இந்த ஊர் நகரசபை முதன்முதலாக இப்படிப்பட்ட ஜோடிகளுக்குத் துணைச் சான்றிதழும் ஒரு பூங்கொத்தும் கொடுக்கிறது. ஹிசனோ முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள்.

"சட்டம் வழி விட்டிருந்தா நான் எதுக்குப்பா இவளுக்கு மகளாகறேன்?"

"புரியுது மேடம். தத்தெடுத்ததை ரத்து பண்ணிட்டா சான்றிதழ் குடுத்துடலாம்."

"அந்தச் சான்றிதழைக் காட்டினா ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்களா?"

"அதை ஆஸ்பத்திரிதான் முடிவு பண்ணணும்." மறுபடி குனிந்தான்.

"ரத்து படிவம் ஒண்ணு குடுப்பா," என்றாள் ஹிசனோ.

மிட்சுயோ அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கிறுக்கா உனக்கு? அடுத்த மாசம் உனக்கு மறுபடி ஆபரேஷன். திரும்பவும் என்னை வராந்தாவுல நிக்கச் சொல்றியா?"

"ஒரு தடவையாவது உன்னை என் ஆளுன்னு எழுதிப் பார்க்கணும்டி. இப்படியே விட்டா என் கல்லறையிலயும் உனக்கு அம்மான்னுதான் போடுவாங்க."

மிட்சுயோ பிடித்திருந்த கையை விட்டாள். மகள் என்றால் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். துணை என்றால் பூங்கொத்து கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்க இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருக்க வேண்டும்?

ஹிசனோ படிவத்தில் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றான் குரோய்வா. அப்போதுதான் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இரண்டு இளம்பெண்கள் திரும்பினார்கள். ஹிசனோ கூப்பிட்டதும், என்ன படிவம் என்றுகூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"உங்களுக்குமா? வாழ்த்துகள் பாட்டி!"

ஒருத்தி பூங்கொத்தைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். காம்புகளிலிருந்து வழிந்த தண்ணீர், மிட்சுயோ கையெழுத்துப் போட வேண்டிய காலிக் கட்டத்தை நோக்கி மெல்ல ஊர்ந்தது. மிட்சுயோ அதைத் துடைக்கவுமில்லை, தாளை நகர்த்தவுமில்லை.