வரம்புக்குள்

மனைவியின் போனைப் பொம்மைத் தலையின் காதோடு சேர்த்துப் பொருத்தினான். கடைக்கு வரும் முன் ஒவ்வொரு புதுப் போனின் கதிர்வீச்சும் தலைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, பாதுகாப்பு வரம்பைத் தாண்டாவிட்டால் சான்று கொடுக்கும் சோதனைக்கூடம் அது. தலை வடிவில் ஒரு ஓடு, மூளைக்குப் பதிலாக அதில் ஒரு கரைசல், கரைசலுக்குள் ஊசிமூக்கை விட்டுத் துழாவும் இயந்திரக் கை. வருஷக்கணக்காக இதுதான் பிழைப்பு. எந்தப் போனும் தோற்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டதில்லை. இன்று வேண்டினான்.

மனைவியின் மூளையில் கட்டி. கத்தி வைக்க முடியாத இடம். ஏன் வந்தது என்று கேட்டால், "சில பேருக்கு வருது" என்பதற்கு மேல் டாக்டரிடம் பதில் இல்லை. மச்சினன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினான்.

"ஊருல உள்ள போனுக்கெல்லாம் பாஸ் போடுறீங்களே அத்தான், அக்கா போனை என்னைக்காவது பாத்தீங்களா?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. பழி போட ஒரு இடம் கிடைத்ததே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

இப்போது கூடத்துத் திரையில் வந்த அளவு வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை. போனைச் சாய்த்து வைத்தான். கரைசலை மாற்றினான். கருவியையே சந்தேகப்பட்டு அதையும் சோதித்தான்.

"அதேதாண்ணா வருது," என்றாள் கூட வேலை பார்ப்பவள். "போன்ல ஒண்ணுமில்ல."

"இருக்கணும்."

"அண்ணா..."

"இருந்தா யார்கிட்டயாவது சண்டைக்குப் போவேன்ல? இப்ப நான் எங்க போறதும்மா?" குரல் உடைந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சோதனைக்காகக் கழற்றிய மனைவியின் சிம்மை அவள் போனில் திரும்பப் போட்டுக்கொண்டு, சிக்னல் நுழையாத அந்த அறையை விட்டு வெளியே வந்தான். உடனே போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"என் போனை எதுக்குங்க தூக்கிட்டுப் போனீங்க? நர்ஸம்மா போனை வாங்கிப் பேசுறேன்."

"சும்மாதான்."

"தம்பி சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டீங்களா?" அவன் வாசலுக்கு நடந்தான். "பாஸா, ஃபெயிலா?"

"பாஸு."

"போகட்டும், அது ஒண்ணாவது பாஸாச்சே." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே மூச்சுவாங்கலாகிவிட்டது. "வெச்சுடாதீங்க. எதையாவது பேசிட்டே இருங்க. தனியா படுத்திருக்க பயமா இருக்கு."

வாசலில் நின்ற வண்டிகளின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். அவள் "ம்" போட்டுக்கொண்டிருந்தாள். காது சுட்டது. அந்த "ம்" தேயத் தேய, போனை இன்னும் இறுக்கிக் காதோடு அழுத்திக்கொண்டான்.