காய் வாங்கி வந்த விருந்தாளி

முத்திருளன் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டது நான்தான். நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் அவர் மகள் இசைவாணிக்கு ஞாயிறு காலை மதுரையில் குரூப் நாலு தேர்வு. பேரையூரிலிருந்து முதல் பஸ்ஸை நம்பிக் கிளம்பி, கேட்டை மூடிய பிறகு வந்து நின்றால் படித்ததெல்லாம் வீண். "முந்தின நாளே வந்து நம்ம வீட்ல தங்குங்கண்ணே" என்று போனில் சொல்லிவிட்டேன்.

நான் இரவு வேலை பார்த்த கம்பெனியில் அவர் வாட்ச்மேன். அந்தக் கட்டடத்தில் "சாப்டியா தம்பி" என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் ஊரோடு போய்விட்டார். கொஞ்ச நாளில் நானும் வேலையை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். என் அறையைக் கொடுத்தேன். பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டி வைத்திருந்த அறை. அம்மா புது பெட்ஷீட் விரித்தாள். தங்கை இந்துப்ரியா புதுச் சோப்பு வைத்தாள். இரண்டையும் அவர்கள் தொடவில்லை. முத்திருளன் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இசைவாணி மடியில் பையையும் அதன்மேல் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்ரூம் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. படுக்கச் சொன்னால், "பரவால்லண்ணே." ராத்திரி முழுக்க இப்படி விறைத்துக் கிடந்தால் காலையில் அந்தப் பெண் என்னத்தை எழுதும்?

அடுப்படியில் அம்மாவும் தங்கையும் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். வீட்டுக்குள் எங்கள் பாஷைதான். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் சாதாரணப் பேச்சும் சண்டைபோலத்தான் இருக்கும்.

சாயங்காலம் "டீ குடிச்சிட்டு வாரேன் தம்பி" என்று போன முத்திருளன், ஒரு மஞ்சள் பையோடு திரும்பினார். கத்தரிக்காய், புடலங்காய், முருங்கைக்காய். பையை அடுப்படி வாசலில் வைத்தார்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாம் சோறு போட மாட்டோம் என்று நினைத்துவிட்டாரா என்று என்னிடம் எங்கள் பாஷையில் கேட்டாள். முத்திருளனுக்கு வார்த்தை புரியவில்லை. முகம் புரிந்தது.

"பாப்பா, எந்திரி. பையை எடு" என்றார் மகளிடம். "தப்பா நினைக்காதீங்க தம்பி. நாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் ஏதாச்சும் பாத்துக்கிறோம்."

"என்னண்ணே ஆச்சு?"

"வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். தங்கச்சி என்னமோ சொல்லுது, உங்கம்மா 'காய்? காய்?'ங்கிறாக. மறுபடியும் சொல்லுது, மறுபடியும் 'காய்?'. வீட்ல காயில்லாம அம்புட்டுச் சண்டை. எல்லாம் எங்களாலதான? சரி, வாங்கிக் குடுத்துருவோம்னு போனேன். அதுக்கும் அக்கா மொகத்தச் சுளிக்கிறாக."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அண்ணே, எங்க பாஷையில காய்னா 'என்ன'ன்னு அர்த்தம். அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது. அதான் 'என்ன, என்ன'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா கழுத்தை நீட்டி, "காய்?" என்றாள்.

இசைவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புத்தகம் கீழே விழுந்தது.

"அட கருமமே" என்றார் முத்திருளன். "இதுக்குப் போயி அந்த முருங்கக்காய்க்காரிகிட்ட அம்புட்டு நேரம் பேரம் பேசுனேன்!"

இந்துப்ரியா அம்மாவின் காதருகில் கத்தி விஷயத்தைச் சொன்னாள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு தமிழில், "வாங்குனவரே நறுக்கியும் குடுத்துறணும்" என்று அரிவாள்மனையை நகர்த்தினாள். அவர் மறுபேச்சில்லாமல் அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கத்தரிக்காயை இம்புட்டுப் பெருசாவா நறுக்குவாக? வெறகு பொளக்குற மாதிரி!"

"வெந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்க்கா."

அது அம்மாவுக்குக் கேட்டதா தெரியவில்லை. அவர் பிளந்த துண்டுகளை வாங்கி மறுபடி சின்னதாக நறுக்கினாள். அதற்கும் இருவரும் வம்பிழுத்துக்கொண்டார்கள். இசைவாணி பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய், புதுச் சோப்பு மணக்க வந்தாள். இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டாள். தட்டை நீட்டி, "அத்தை, இன்னுங் கொஞ்சம் கொத்சு" என்றாள். சாப்பிட்டதும் தானாகவே, "நான் போய்ப் படுக்கவாண்ணே?" என்றாள். சற்று நேரம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தேன். தலைமாட்டில் ஹால் டிக்கெட்டை வைத்துவிட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும்போது அம்மாவும் தங்கையும் பழையபடி ஆரம்பித்தார்கள். ஹாலில் உட்கார்ந்திருந்த முத்திருளன் எழுந்து போய், "ஏத்தா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். புள்ள தூங்குதுல்ல?" என்று அதட்டினார். எங்கள் வீட்டில் எங்களை. இந்துப்ரியா கையிலிருந்த குண்டானைச் சத்தமில்லாமல் கவிழ்த்தாள். அம்மாவுக்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

திரும்பி வந்து சுவரோரம் காலை நீட்டிக்கொண்டார்.

"டேய் தம்பி" என்றார் என்னிடம். "எனக்கு ஒரு தலகாணி கொண்டா."