கீழ் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்

பூட்டுக்குள் சாவி நுழையும் சத்தம் கேட்டது.

காய்ச்சலில் கிடந்த மகளின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. நான் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து யார் திறக்கிறார்கள்?

"போட்டோல பார்த்த அதே வீடுதானே?" என்றது ஒரு குரல்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். கணவனின் தம்பி. அவளுடைய கொழுந்தன்!

அடி உதை தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறி வந்தவள் அவள். பல் செட் செய்யும் லேபில் வேலை. யாருக்கும் முகவரி சொல்லவில்லை. 'பிள்ளை யாருக்குன்னு தீர்ப்பு வர்ற வரைக்கும் நீங்க இருக்கிற இடம் அவங்களுக்குத் தெரியவே கூடாது. பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா அப்புறம் நாம கோர்ட்டுக்கு நடையா நடக்கணும்' என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது அவனுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒற்றைக் கதவு. உள்தாழ்ப்பாள்கூடப் போடவில்லை.

சாவி ஒரு சுற்று திரும்பியது.

"யோவ், நில்லுய்யா!"

கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"யாரைக் கேட்டு என் ஆணியில இருந்து சாவியை எடுத்தே?"

"நல்ல பார்ட்டி சார்," என்று குழைந்தார் சாவி போட்ட தரகர். "நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. வீடு உங்களுதுதானே, ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாம்னு..."

"வாடகைக்கு விட்டாச்சு. அடுத்த மாசம் காலி பண்ற வரைக்கும் அந்தம்மாதான் குடியிருக்காங்க. முன்கூட்டியே சொல்லாம நானே இந்தப் படி ஏற மாட்டேன். நீ சாவி போட்டுத் திறக்கறியா? கொண்டா இங்கே!"

அந்த அமளியில் அவள் பூனை போல நடந்து தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டாள்.

"உள்ளே யாரு சார் இருக்காங்க?" கொழுந்தன் கேட்டான். "தனியா ஒரு பொம்பளையா? கூட சின்னப் பொண்ணு உண்டா?"

"ஏன், ஆம்பளை இல்லேன்னா குழாய்ல தண்ணி வராதா? வீட்டைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். குடியிருக்கிறவங்க கதை உங்களுக்கு எதுக்கு?"

"இல்ல, சும்மா..."

"சும்மா கேக்கறதுக்கு நான் பதில் சொல்றதில்லே. சனிக்கிழமை வாங்க, பார்க்கலாம்."

செருப்புச் சத்தங்கள் இறங்கின. வாசல் கேட் கிறீச்சிட்டு மூடியது. அவள் ஈரத்துணியை மறுபடி நனைத்து மகளின் நெற்றியில் போட்டாள்.

சற்று நேரத்தில் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். "நான்தாம்மா. திறக்க வேண்டாம். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லேன்னு காலையில சொன்னியே, அதான் விரட்டிட்டேன். பயந்துட்டியா?"

அவள் கதவைத் திறந்தாள். அழுதுகொண்டே, கணவன் வெளிநாட்டில் என்று குடிவந்த அன்று சொன்ன பொய்யில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அதற்குள் வீட்டுக்காரம்மாவும் மேலே வந்துவிட்டார். "அடிப் பாவி! இத்தனை நாளா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா எங்களுக்குப் பல்லுக் கதை சொல்லிச் சிரிக்க வச்சே?"

வீட்டுக்காரர் தரகரைத் தொலைபேசியில் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். போன வாரம் அவளிடம் சொல்லிவிட்டு வீடு பார்க்க வந்த அந்தத் தரகர், சந்தடி சாக்கில் படம் எடுத்து விளம்பரத்தில் போட்டிருந்தார். ஒட்டுத்துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து அவளே தைத்த கூடத்துத் திரை அதில் பளிச்சென்று விழுந்திருந்தது. முன்பு புகுந்த வீட்டுக் கூடத்தில் தொங்கியதும் அதுதான். கொழுந்தனுக்கு அந்தத் துணி போதாதா?

"தெரியாமப் பண்ணிட்டேன் சார், நானும் ரெண்டு பொண்ணு பெத்தவன்," என்று தரகர் மறுமுனையில் மன்றாடினார். "என்ன செய்யணும் சொல்லுங்க, செய்றேன்."

"அடுத்த மாசம் வேற ஊர்ல இருக்கிற லேபோட புதுக் கிளைக்குப் போகத்தான் போறேன்," என்றாள் அவள். "இன்னிக்கே போயிடறேன் ஐயா. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கே போவே?" என்றார் வீட்டுக்காரம்மா. கொஞ்ச நேரம் திரையையே உற்றுப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னடி பண்றே?" என்று கணவர் பதறினார்.

"மேல் வீடும் கீழ் வீடும் ஒரே அச்சுதானே? வர்றவனுக்கு நம்ம வீட்டைக் காட்டுவோம். இதை நம்ம கூடத்துல மாட்டுங்க."

அவளால் நம்ப முடியவில்லை. காஸ் சிலிண்டர் போடுபவரைக்கூடச் சமையலறை வாசலோடு நிறுத்துகிற அம்மா அவர். சொந்த நாத்தனார் வந்தாலே படுக்கையறைக் கதவைச் சாத்தி வைப்பார்.

சனிக்கிழமை வந்தது. சமையலறைச் சன்னலோரம், மகளை மடியில் அணைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கீழே பேசுவது ஒவ்வொரு சொல்லாக மேலே வந்தது.

"இது எப்படி... இங்கே இருக்கு?" கொழுந்தனின் குரல் தடுமாறியது. திரையைப் பார்த்துவிட்டான்!

"எது, அந்தத் திரையா? பொருட்காட்சியில வாங்கினது. குவிச்சு வச்சு வித்தாங்க தம்பி. உங்க வீட்லயும் இருக்கா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"போட்டோவுல மேல் வீடுன்னு..."

"மேலே ஆளு குடியிருக்கறப்போ படம் எடுத்தாச் சண்டைக்கு வருவாங்களே சார்," என்று தரகர் குறுக்கே பாய்ந்தார். "அதான் இங்கேயே எடுத்தேன்."

"வாங்க தம்பி, குளியலறையைப் பாருங்க. துணி ஊறுது, தாண்டி வாங்க. பீரோவையும் திறக்கட்டுமா? சம்பளம் என்ன வருது? சமையல்கட்டை நீங்க பார்த்து என்ன பிரயோஜனம், வீட்ல அவங்களைக் கூட்டிட்டு வரலையா?"

கேள்வி மேல் கேள்வி. கொழுந்தனால் மூச்சுவிட முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க," என்று முணுமுணுத்தான். கேட் கிறீச்சிட்டது. பைக் உறுமல் தெருக்கோடியில் தேய்ந்து மறைந்தது.

மகள் கேட்டாள். "அம்மா, இப்போ பேசலாமா?"

"பேசுடா கண்ணு. எவ்வளவு வேணும்னாலும் பேசு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். சோபாவில் மடிக்காத துணி மலையாகக் கிடந்தது. அதன் நடுவில் வீட்டுக்காரம்மா, ஓட்டப்பந்தயம் ஓடியவர் போல வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

"அம்மா... உங்களுக்கு எப்படி நான்..."

"ஒண்ணும் சொல்லாதே. சொன்னா நானும் அழுதுடுவேன். அந்தப் படுபாவி என் பீரோவை நெசமாவே எட்டிப் பார்த்தான்டி!"

வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளும் சிரித்தாள், கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய.

வாசலில் ஓர் இளம் தம்பதி வந்து நின்றார்கள். "வாடகைக்கு வீடு இருக்குன்னு போர்டு பார்த்தோம். உள்ளே பார்க்கலாங்களா?"

அவள் மாடியைக் கைகாட்டினாள். "இவங்களுக்கு என் வீட்டையே காட்டுங்கம்மா, பரவாயில்லே."

"பிள்ளைக்கு இன்னும் உடம்பு சுடுது. அது போய்ப் படுக்கட்டும்," என்ற வீட்டுக்காரம்மா, பெருமூச்சோடு எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார். "மேலே ஆள் இருக்காங்க. அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். கீழ் வீட்டைப் பார்த்துக்கோங்க, வாங்க."

அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள், அவள் மகளைச் சோபாவின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, அந்தத் துணி மலையை மளமளவென்று மடிக்கத் தொடங்கினாள்.