மெஷினுக்குப் பின்னால் வரும் கை

காலையில் தண்ணீர் டம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தபோதே முடிவு செய்துவிட்டேன், இன்றைக்குக் கேட்டே தீருவது என்று. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய் மூன்று மாதமாகிறது. பதினொரு வருஷமாகத் துணியை வட்டமாகச் சுற்றிச் சுற்றி, இந்தப் பக்கம் ஓடுகிற கார்களில் பாதியைப் பளபளக்க வைத்த கை இது. டாக்டரம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார். மணிக்கட்டை மடக்கித் தேய்ப்பதை நிறுத்து, இல்லையென்றால் இந்தக் கையை மறந்துவிடு என்றார். வேலையை விடுகிற உத்தேசம் எனக்கில்லை. எனக்கு வேண்டியது பாலிஷ் மெஷின்.

மெஷின் எங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. இரண்டு வருஷமாக என் கொழுந்தன் கையில் இருக்கிறது. பட்டறை மாமனாருடையது. வீட்டில் அவர் மாமா, இங்கே முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும், அது அவர் போட்ட சட்டம். கொழுந்தனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது நான். மெஷினைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி அவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு காரை முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

அதற்குப் பிறகுதான் என் பாடு. மெஷின் சுழலும்போது பாலிஷ் தெறிக்கும். ஜன்னல் ரப்பர், கதவு இடுக்கு, பின்னால் ஒட்டியிருக்கிற கார் பெயர் எழுத்துகளின் வளைவு என்று எங்கே பார்த்தாலும் போய் உட்கார்ந்து வெள்ளையாகக் காய்ந்துவிடும். பழைய பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அதை நோண்டி எடுப்பது நான். மெழுகு பூசித் துடைப்பதும் நான். வருகிறவர்களிடம் முதலாளி சொல்வதோ, மெஷின் வேலை, ஒரு மணி நேரம் என்று. ஆரம்பத்திலேயே ஓரங்களில் பேப்பர் டேப் ஒட்டிவிட்டால் இந்த வம்பே இல்லை என்று பம்பரத்திடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே, "அதான் நீங்க இருக்கீங்களே அண்ணி" என்பான்.

டம்ளர் உடைந்த அன்றைக்கே கேட்டேன். மாமா உடனே ஐஸ் வைக்க ஆரம்பித்தார். மெஷின் முரட்டுத்தனமாக இழுக்குமாம், பெண்பிள்ளை தாங்க மாட்டாளாம், என் கை பட்ட வண்டிக்குத்தான் தனி மினுமினுப்பாம். இத்தனை வருஷமாக இவர் வைத்த ஐஸுக்கு எனக்கு எப்போதோ குளிர் ஜுரம் வந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் கறுப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. எங்களுக்கு நீண்ட நாள் வாடிக்கை. சாவியைக் கொடுத்துவிட்டு, பதினோரு மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

"சரி மாமா." வேண்டுமென்றேதான் முதலாளி என்று சொல்லவில்லை. "இந்த வண்டிய முழுசா தம்பியே முடிக்கட்டும். நான் தொட மாட்டேன். அந்தம்மாவுக்குத் திருப்தின்னா இனிமே மெஷின் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா மெஷின் எனக்கு."

பம்பரம் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா, இதென்ன பிரமாதம் என்பது போல் தலையாட்டினார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், மெஷின் மெஷின்தான். பானெட்டில் இருந்த மெல்லிய கீறல்கள், நான் மூன்று நாள் தேய்த்தாலும் போகாதவை, கால் மணியில் காணாமல் போயின. மேலே ஓடுகிற மின்விசிறி அதில் அப்படியே தெரிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் எழுத்துகளுக்குள் வெள்ளை காய்ந்துகொண்டிருந்தது. கதவு இடுக்கிலும் காய்ந்துகொண்டிருந்தது. பம்பரம் அதைப் பார்க்கவே இல்லை. பாவம், எப்படிப் பார்ப்பான்? டீ குடித்துவிட்டு அவன் திரும்பி வருவதற்குள் நான் பாதியைச் சுரண்டியிருப்பேன், இரண்டு வருஷமாக. அதன் மேலேயே மெழுகைப் பூசித் துடைத்து, முடிந்தது என்று துண்டை உதறினான். இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வேலை கண்ணெதிரே அரைகுறையாக நிற்க, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

தலைமையாசிரியை சொன்ன நேரத்துக்கு வந்தார். கருநீலக் கோட்டு. பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு வண்டியைச் சுற்றினார். பின்பக்கம் குனிந்து எழுத்துகளைப் பார்த்தார். கதவைத் திறந்தபோது கோட்டுக் கையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே மாமாவைப் பார்த்தார்.

"போன தடவை மெஷின் எவ்வளவு நல்லா பண்ணியிருந்துச்சு? இப்ப மெஷின் கெட்டுப்போச்சா?"

ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டும். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரல் மரத்துப்போகிற வரை தேய்த்தது நான், நல்ல பெயர் மெஷினுக்கு.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் மெதுவாக, "மெஷின் நல்லாத்தான் இருக்குங்க. போன தடவை என் மருமக பார்த்தா. இன்னைக்கு அவ பார்க்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் அந்த பிரஷ்ஷ எடும்மா" என்றார்.

நான் ஸ்டூலை விட்டு அசையவில்லை.

"முதல்ல மெஷினுக்கு ஒரு பதில் சொல்லுங்க மாமா."

வாடிக்கையாளர் முன்னால் இப்படிக் கேட்பேன் என்று அவர் நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை. காதெல்லாம் சுட்டது.

"எடுத்துக்கோ" என்றார்.

பிரஷ்ஷைப் பம்பரம்தான் பிடித்தான். அது எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை, காட்டிக் கொடுத்தேன். தலைமையாசிரியை என் ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கே இன்னும் இருக்கிறது, இங்கே இன்னும் இருக்கிறது என்று விரல் நீட்டிக்கொண்டே இருந்தார். அவன் நிமிர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் ஒரு சிவப்பு வண்டி வந்தது. முதலில் டேப்பை எடுத்தேன். எழுத்துகள், ரப்பர், விளக்கோரம் எல்லாவற்றையும் மூடி ஒட்ட இருபது நிமிஷம் பிடித்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மெஷினைப் பெயின்ட் மேல் உட்கார வைத்த பிறகே சுவிட்சை அழுத்தினேன். மாமா சொன்னது பொய்யில்லை, இழுக்கத்தான் செய்தது. நான் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் தோளால் தள்ளினேன். இரண்டாவது கதவுக்கு வருவதற்குள் அது என் சொல்பேச்சு கேட்க ஆரம்பித்திருந்தது.

முடிந்ததும் பம்பரம் பிரஷ்ஷோடு தயாராக வந்தான். டேப்பை ஒவ்வொன்றாக உரித்தான். அடியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"இவ்ளோதானா அண்ணி? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அவன் காதில் நன்றாக விழட்டும் என்று அவன் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா சொல்றேன் தம்பி."

அவன் முகம் தொங்கிப்போனது. அப்போது உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். கைப்பிடிக் குழிக்குள்ளும் பக்கக் கண்ணாடிக்கு அடியிலும் மெஷின் போகாதே, அதையெல்லாம் கையால் தேய்க்கப்போவது யார் என்று கேட்டார்.

நான் துணியை எடுத்துப் பம்பரத்தின் தோளில் போட்டேன்.

"அதான் நீங்க இருக்கீங்களே, தம்பி."

அவன் கைப்பிடி பக்கம் குனிந்தான். நான் அடுத்த வண்டிக்கு டேப்பைக் கிழிக்கத் தொடங்கினேன்.